விமானத்துக்கு முன்னே நடக்கிறவர்

ஜன்னல் கண்ணாடியில் கைத்தடியின் பித்தளைப் பூணால் டொக்கென்று ஒரு தட்டு. பதிலுக்கு நிற்காமல் சிரில் ஸ்டேதர்ஸ் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். "பறவை வருது தாயி, கொடியில இருக்கிற துணியை எடுத்துரு." அடுத்த ஜன்னல். "பறவை வருது, தள்ளுவண்டியை உள்ள இழு. குழந்தையையும் சேர்த்துத்தான் சொல்றேன்." அடுத்தது. "யோவ் ஆல்பர்ட், சைக்கிளை வேலியில சாய்ச்சு வெச்சிருக்கியே, அதென்ன உன் மாமனார் வீட்டு வேலியா?" ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் மணி அடிப்பதற்குள் தெரு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பூனைகள்கூட மதில் மேல் ஏறிக்கொள்ளும்.

ஹம்பர் ஆற்றங்கரையில் இருக்கிற ஸ்கெல்டன் கம்பெனி கடற்படைக்கு விமானம் கட்டுகிறது. துணியும் மரமுமாக விமானம் செய்த காலத்தில் வாங்கிப்போட்ட மைதானம் அது. இப்போது வருகிற ஜெட் விமானத்துக்கு அந்த மைதானம் தும்மல் போடக்கூடக் காணாது. நீளமான ஓடுதளம் உள்நாட்டில், நாலைந்து கிராமம் தாண்டி இருக்கிறது. ஆகவே பறக்க வேண்டிய விமானம் முதலில் நடக்க வேண்டும். வாலை டிராக்டரில் கொக்கி போட்டு மாட்டி, இறக்கை இரண்டையும் மேலே மடித்துக் கட்டி, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவார்கள். டிராக்டருக்கு முன்னால், தடியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, சிரில் நடப்பார்.

பெரிய உடம்பு. கால் இரண்டும் வில்லாக வளைந்தவை. நடுவே ஒரு நாய் தாராளமாக ஓடலாம், ஓடியும் இருக்கிறது. கோட்டுப் பையில் ஒரு சின்ன ரம்பம், மாட்டுக் கொழுப்பு தடவிய ரொட்டி, பாட்டிலில் ஆறிப்போன தேநீர். தலையில் தட்டைத் தொப்பி. அந்தத் தொப்பியைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

நடக்கும்போது மனிதர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பின்னால் ஒரு வீட்டளவு உயரத்துக்குக் கடற்படையின் சொத்து அசைந்து அசைந்து வந்துகொண்டிருக்கும். இவர் பாட்டுக்கு மாட்டை முன்னே விட்டுப் போகிற ஆள் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு போவார். டிராக்டர் ஓட்டுகிற நெட் கார்டன் ஒரு தடவை கேட்டுவிட்டான். "ஏண்ணே, ஒரு தடவையாவது அது என்ன லட்சணத்துல வருதுன்னு பாக்கணும்னு தோணலையா?"

"பின்னாடி பாக்கத்தான் நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே. எல்லாரும் அழகு பாத்துக்கிட்டிருந்தா பாதையை யாருடா பாக்கறது?" என்றார் சிரில், அப்போதும் திரும்பாமல்.

கம்பெனியின் சரித்திரத்தை யாராவது கேட்டால் அலுவலகத்தில் வழவழக் காகிதத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். அது கிடக்கட்டும். சிரிலோடு இந்தச் சாலையில் ஒரு நடை போய்வந்தால் முழுச் சரித்திரமும் தெரிந்துவிடும். முதலாளி ஸ்கெல்டன் தன் விமானங்களுக்கெல்லாம் கரையோரப் பறவைகளின் பெயரையே வைத்தார். முதல் முதலில் செய்தது உள்ளான். ஒரு குதிரை லாயத்தில் கட்டி, ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தார். எழும்பி, ஒரு மதில் உயரம் போய், சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. "குதிரையைக் கட்டி அதைச் சேத்துல இருந்து இழுத்துப் போட்டது எங்கப்பா. பறக்கவிட்டது அவங்க, இழுத்தது நாங்க. அன்னைக்கே வேலையைப் பிரிச்சுக்கிட்டோம்" என்பார்.

பிறகு நீர்க்காகம் வந்தது. இரட்டை இறக்கை, வயிற்றில் நீர்மூழ்கிக் குண்டு. அதற்காகத்தான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். யுத்தத்தின்போது ஆலா. பட்டறையில் ஆணும் பெண்ணும் இராப்பகலாக நின்று செய்தது. ஆலாவின் காலத்தில் மதுக்கடைக்காரன் வாசலில் இருந்த கல்திண்டைப் பெயர்த்து வழிவிட்டான். அந்தப் பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது, மழைக்காலத்தில் வாத்து குளிக்கும். அப்புறம் சாம்பல் நாரை. ஐயோ பாவம், அது பிறக்கும்போதே கோணல். கடற்படைக்காரர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள். போன பாதையிலேயே திரும்பி வந்தது. அன்றைக்கும் முன்னால் சிரில்தான். "கல்யாணம் நின்னுபோன பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நான் ஜன்னலைத் தட்டலை. தெருவே தானா உள்ள போயிருச்சு" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். இவரைப் பிடித்துப்போவதற்கு இந்த ஒரு பேச்சே போதும்.

கம்பெனியின் பெருமை எல்லாம் மடிப்பில். போர்க்கப்பலின் வயிற்றில் இடம் கொஞ்சம். அதனால் இறக்கையை எவ்வளவு சின்னதாக மடிக்கிறோம் என்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் வித்தை. அது பேச்சிலேயே ஊறிவிட்டது. சோபா வாசலில் நுழையவில்லையா? "மடிச்சாப் போச்சு." கல்யாணக் கூட்டத்துக்குக் கூடம் போதவில்லையா? "மடிச்சாப் போச்சு." சிரிலின் மனைவி ஹில்டா, அவர் கட்டிலில் குறுக்கே படுத்தால் விலாவில் ஒரு குத்து விட்டு, "காலை மடி, கப்பல்ல இடமில்லை" என்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடுதளத்து வாசலில் பெர்சி என்று ஒரு பரிசோதகர் விளக்கு பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வந்த விமானத்தை மடிப்பு மடிப்பாகத் தேடுவார். ஒரே ஒரு இலை சிக்கிவிட்டாலும், "இலை!" என்று கூவுவார். இஞ்சினுக்குள் போனால் ஆபத்து என்பது ஒரு பக்கம். வேலியில் உரசிக்கொண்டு வந்திருக்கிறான் என்பதற்கு அது சாட்சி. முன்னால் நடந்தவன் அந்த இலையைத் தொப்பியில் செருகிக்கொண்டு பொழுது சாயும்வரை அலைய வேண்டும். கேண்டீனில் கீரைக்கட்டு வந்துவிட்டது என்பார்கள், ஆடு ஜாக்கிரதை என்பார்கள். சிரிலுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் நடந்தவர்கள் எல்லாரும் சூடியிருக்கிறார்கள். சிரில் மட்டும் சூடியதில்லை. பெர்சிக்கு இது தீராத வயிற்றெரிச்சல். "என் கையால உனக்கு ஒரு இலை சூட்டாம நான் ஓய்வெடுக்க மாட்டேன்" என்பார். "அப்ப நீ சாகற வரைக்கும் வேலைதான்" என்பார் சிரில்.

அப்படிப்பட்டவருக்குப் போன ஏப்ரலில் ஒரு சோதனை வந்தது. சோதனைக்குப் பேர் ஹார்லண்ட் அம்மா.

சாலை திரும்புகிற முக்கில் அவள் வீடு. எதிர்ப்பக்கம் தானியக் கிடங்கின் சுவர். இந்தப் பக்கம் இடுப்பளவு மதில், தோட்டம், தோட்டத்தின் நடுவில் ஒரு பேரி மரம். மரத்தின் பெரிய கிளை மதிலைத் தாண்டிச் சாலைக்கு மேல் நீண்டிருக்கும். மகன் டெனிஸ் பிறந்த வருடம் அவள் புருஷன் வைத்த மரம். டெனிஸ் அந்தக் கிளையில் குதிரை ஏறி வளர்ந்தான். ஆற்றங்கரை மைதானத்தில் விமானம் பார்த்து வளர்ந்தான். கடற்படையில் சேர்ந்து ஆலா ஓட்டினான். வடகடலில் ஒரு கப்பலிலிருந்து கிளம்பினவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து சிரில் தட்டுகிற ஜன்னல்களில் திறக்காத ஜன்னல் அவளுடையது ஒன்றுதான். பறவை போகும்போது திரையை இழுத்துவிடுவாள். அதற்காக சிரில் தட்டாமல் போனதும் இல்லை. "வருதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

புதிய விமானத்துக்குக் கடற்கழுகு என்று பேர். இறக்கையை மடித்தால் ஆலாவைவிட ரொம்ப உயரம். கிளை இடிக்கும். சாலைக்கு மேலிருக்கிற கிளை ஆகையால் ஊராட்சியில் வெட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். வெட்டுவது கிளைதான் என்று பேர். பாதி மரமே அந்தக் கிளை. பூத்து நிற்கிற கிழட்டு மரம் அதைத் தாங்காது, பட்டுப்போகும் என்று தோட்டவேலை தெரிந்த எல்லாரும் சொன்னார்கள். சனிக்கிழமை ஆள் வருகிறான், ஞாயிற்றுக்கிழமை விமானம் போக வேண்டும். அதை அவளிடம் சொல்லுகிற பொறுப்பு, வேறு யார் தலையில் விழும்?

அந்த வாரம் முழுக்க சிரில் தினம் அந்த வீட்டுப் படியேறினார். தினம் முட்டைக்கோஸைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். நத்தை தின்கிறதா, சாம்பல் போடுங்கள். புகையிலைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அவள் பொறுமை இழந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா ஜன்னலைத் தட்டிட்டு ஓடற மனுஷன், ஒரு வாரமா என் முட்டைக்கோஸுக்கு நலம் விசாரிக்கறே. விஷயத்தைக் கக்குய்யா."

சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார். மரத்தைப் பார்த்தார். சொன்னார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். "பிள்ளையை எடுத்துக்கிட்டீங்க. அவன் உக்காந்த கொம்பும் உங்களுக்கு வேணுமா?" என்றாள்.

சிரில், "உயரம்மா. இறக்கை மேல நிக்குது. இடிக்குது" என்று உளறினார்.

"உங்க பறவை எதுக்கு எப்பப் பாத்தாலும் கையை மேல தூக்கிக்கிட்டே வருது? யாராவது துப்பாக்கியைக் காட்டினாங்களா? கையைக் கீழ போடச் சொல்லு!"

கோபத்தில் சொன்னாள். உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். சிரில் அங்கேயே நின்றார். கிளையைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். மதில் இடுப்பளவு. கிளை ஆள் உயரத்துக்கு மேல். நடுவில் அத்தனை இடம் சும்மா கிடக்கிறது! துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றைக் கழற்றி, மதிலிலிருந்து அடிமரம் வரை பிடித்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, வில்லுக்கால்களை எட்டிப்போட்டு ஓடினார். அவர் ஓடி ஊர் பார்த்ததில்லை.

போக்குவரத்து மேலாளர் ஸ்வேல் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சாலையில இறக்கையை விரிக்கறதா? அதை மடிக்கறதுக்குத்தான்யா நாம இத்தனை வருஷமா உயிரை விட்டுக்கிட்டிருக்கோம்!"

"அதாங்கய்யா கோளாறு. மடிச்சாச் சின்னதாயிரும்னே நமக்கு மண்டையில ஏறிப்போச்சு. அகலம்தான் குறையுது. உயரம் ஏறுதே! அந்த முக்குல மட்டும் தோட்டத்துப் பக்கத்து இறக்கையை இறக்கினா, மதிலுக்கு மேல, கொம்புக்குக் கீழ வழுக்கிக்கிட்டுப் போயிரும். அடிமரத்துக்கும் இறக்கை நுனிக்கும் ரொட்டித்துண்டு நீளத்துக்கு இடம் இருக்கு. இதோ முடிச்சு."

"ஒரு கீறல் விழுந்தா?"

"விழுந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

ஸ்வேல் வரைபடக்காரர்களைக் கூப்பிட்டு அளவு பார்க்கச் சொன்னார். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டே சரியென்றார்கள். "மரத்துக்காரி சம்மதிக்கணுமே? அவ தோட்டத்துக்கு மேலல்ல போவுது" என்றார் ஸ்வேல். சிரில் அதை யோசிக்கவே இல்லை.

மறுபடி அந்தப் படி. இந்தத் தடவை முட்டைக்கோஸ் பேச்சில்லை. அவள் கதவைப் பாதி திறந்தபடி முழுக்கக் கேட்டாள்.

"என் தோட்டத்துக்குள்ளயா? நான் திரையை இழுத்துட்டு உக்காந்திருக்கேன், நீ அதை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரேங்கறே."

"ஆமாம்மா. வேண்டாம்னா சொல்லுங்க, நாளைக்கு ரம்பம் வரும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். என்னால சொல்ல முடியாது."

அவள் கதவிடுக்கு வழியாகக் கிளையைப் பார்த்தாள். பிறகு, "அவன் ஓட்டினது இத்தனை பெருசா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது சின்னது. ஆலாவை நான்தான் இந்த வழியா கூட்டிட்டுப் போவேன். ரொம்ப லட்சணமா இருக்கும்னு சொல்வாங்க."

"சொல்வாங்களா? நீ பாத்ததில்லையா?"

"நான் முன்னாடி நடக்கறவன்."

அவள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முட்டைக்கோஸை மிதிச்சீங்கன்னா தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் செய்துகொண்டு சிரில் இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கில் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க நின்றுவிட்டது. பாதிரியாரே நின்றார், இனி யாருக்குப் பிரசங்கம் செய்ய? டிராக்டர் நின்றது. இறக்கையை ஏற்றி இறக்குகிற கைப்பம்பு ஒன்றை இரண்டு பேர் அடிக்க அடிக்க, தோட்டத்துப் பக்கத்து இறக்கை தானாகக் கை இறக்குகிற மாதிரி மெதுவாக இறங்கி, மதிலைத் தாண்டி, பூத்த கிளைக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. மற்ற இறக்கை மேலேயே நின்றது. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. சிரில் சிரிக்கவில்லை. முன்னால் போய், முகத்தைப் பாதைப் பக்கம் வைத்துக்கொண்டு தடியைத் தூக்கினார்.

"வா நெட். வா. வலது சக்கரம் கொஞ்சம். வா… வா…"

அப்போதும் அவர் திரும்பவில்லை. ஒரு பூ உதிர்கிற சத்தத்துக்குக் கூடக் காது கொடுத்துக்கொண்டு, நெற்றியில் வேர்வை ஓட, அடிமேல் அடி வைத்துப் போனார். கிரீச்சென்று ஒரு உரசல் கேட்டால் மரமும் போச்சு, மானமும் போச்சு. கேட்கவில்லை. கூட்டம் மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டது. முக்கைத் தாண்டி, சாலை அகலமாகிற இடத்தில், இறக்கை தோட்டத்தை விட்டு வெளிவரும் வரை போய் நிறுத்தச் சொன்னார். பம்பு அடித்து மறுபடி மடித்துக் கட்டினார்கள். கட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்துக்கொண்டார்கள். "என்னடா?" என்றார் சிரில், முன்னால் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுமில்லண்ணே. போங்க" என்றார்கள்.

மீதிக் கிராமங்களில் அன்று அவருக்கு என்ன வரவேற்பு! அவர் ஜன்னலைத் தட்டின வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, முகம் மலர நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முக்கில் நடந்த வீரப்பிரதாபம் தனக்கு முன்னால் ஓடிவந்து விட்டது என்று சிரில் நினைத்துக்கொண்டார். நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கூட நடந்தார்.

ஓடுதள வாசலில் பெர்சி விளக்கோடு காத்திருந்தார். விளக்கு தேவைப்படவில்லை. "இலை!" என்று போட்ட கூச்சலில் காக்கைகள் எழும்பின. "இலை! சிரில் ஸ்டேதர்ஸ், இலை! கர்த்தர் என்னைக் கைவிடலை!"

சிரிலுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. தன் நடையின் முடிவில்தான், பாதை முடிந்த பிறகு, அவர் திரும்பினார். இறக்கையின் அடிப்பக்கத்தில், கப்பல் தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவதற்கென்று ஒரு வளையம் உண்டு. இறக்கை மடிந்திருந்ததால் அது வெளியே பார்த்தபடி இருந்தது. அதில் பேரிப்பூ ஒரு கொத்து, இலையோடு, தையல் நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. வேலியில் உரசி ஒட்டிக்கொண்டது அல்ல. இறக்கை தலைக்கு மேல் போனபோது, தோட்டத்துக்குள் நின்றிருந்த ஒருத்தி கையை உயர்த்திக் கட்டியது.

நெட் பெர்சியின் காதில் ஏதோ சொன்னான். பெர்சியின் சத்தம் அடங்கிவிட்டது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து எடுத்தார்.

"இது கணக்குல வராது சிரில். இலையும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் எதையும் பாக்கலை. நான் பாட்டுக்கு இதை என் மேஜையில தண்ணியில போட்டு வெச்சுக்கறேன்."

"எதுக்கு? இலைன்னா இலைதான். குடு" என்றார் சிரில். தொப்பியைக் கழற்றி, பட்டையில் அந்தக் கொத்தைச் செருகி, மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். கேண்டீனில் அன்று ஒருவரும் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் டிராக்டரில் தொற்றிக்கொண்டு திரும்பினார். முக்கு வந்ததும் நெட்டின் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஹார்லண்ட் அம்மாவின் வீட்டில் திரை இழுத்துவிட்டிருக்கவில்லை. ஜன்னலில் பித்தளைப் பூணால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இந்தத் தடவை ஓடிவிடாமல் நின்றார். அவள் வந்து ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கித் திறந்தாள். சிரில் கழுத்தைத் திருப்பி, பூ இருக்கிற பக்கத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.